வின்டர் டயர் வாங்கலாமா, வேண்டாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விடியற்காலை. வானம் தெளிவாக இருந்தது, பனி கொஞ்சம்கூட விழவில்லை. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும், பாதிகூடத் தேயாத ஆல் சீசன் டயர்கள். இறக்கத்தின் அடியில் சிவப்பு விளக்கு. வழக்கம்போலப் பிரேக்கில் கால் வைத்தேன். காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்தது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது என்று புரிந்தது, வண்டிதான் நிற்கவில்லை. நடந்து போகிறவர் வேகத்தில், மூக்கை வலப்பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு, நிறுத்தக் கோட்டைத் தாண்டி, நடைபாதை விளிம்பில் சக்கரம் முட்டியபிறகே நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை.

முந்தின நாள் மதியம் உருகி ஓடிய தண்ணீர் இரவில் சாலையோடு சாலையாக உறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அதுவரை "இங்கே பனி அதிகம் விழுவதில்லையே, வின்டர் டயர் எதற்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். கேள்வியே தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எவ்வளவு பனி விழுகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் வண்டி எடுக்கும் நேரத்தில் சாலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, அப்படிப்பட்ட நாட்களில் வண்டியை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா? முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் இவற்றுக்குப் பதில் தேடத்தான்.

தொடங்கும் முன்: எந்தப் பனி?

தமிழில் நமக்கு ஒரு சங்கடம். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, காலையில் கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சுபோல இறங்குவதும் பனி. டயருக்கு இவை எல்லாம் ஒன்றல்ல. இந்தக் கட்டுரைக்காகச் சாலையில் கிடப்பதை நான்காகப் பிரித்துக்கொள்வோம்.

புதுப்பனி மெத்தென்று கிடக்கும். நல்ல வின்டர் டயரின் ஆழமான பள்ளங்கள் அதை அள்ளி உள்ளே அடைத்துக்கொள்ளும். பனி உருண்டை பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனி பனியோடு நன்றாக ஒட்டும். டயருக்குள் அடைபட்ட பனி தரையில் இருக்கும் பனியைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது, வண்டிகள் ஓடி ஓடி அமுங்கிப்போன பனி. இதில் பள்ளத்தைவிட, டயர்க் கட்டைகளின் மேல் பிளேடால் கீறியதுபோல இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள்தான் உதவும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் ஒரு சின்ன நகம் மாதிரி. மூன்றாவது, பாதி உருகிய பனிச்சேறு. வேகமாகப் போனால் வண்டி இதன்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். சேற்றை வெளியே தள்ள அகலமான வாய்க்கால்கள் வேண்டும்.

நான்காவது ஐஸ். இதுதான் பொல்லாதது. கறுப்புச் சாலைமேல் கண்ணாடிபோலப் படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு: கடுங்குளிரில் இருக்கும் ஐஸைவிட, உருகலாமா வேண்டாமா என்று பூஜ்ய டிகிரியில் நிற்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மேலே ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருப்பதுதான் காரணம். அதனால் "எங்கள் பக்கம் அவ்வளவு கடுங்குளிர் இல்லை" என்பது ஆறுதலான செய்தி அல்ல. பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஊசலாடும் குளிர்காலம், ஒரேயடியாக உறைந்து கிடக்கும் குளிர்காலத்தைவிடச் சில வகையில் மோசம்.

படி 1: காலைகளை எண்ணுங்கள்

டயர் உலகில் அடிக்கடி காதில் விழும் எண் 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகப் போகச் சம்மர் டயரின் ரப்பர் இறுகும். நாள்பட்டுக் கட்டியாகிப்போன ரப்பர் செருப்பு ஈரத் தரையில் எப்படி வழுக்கும்? அதே கதைதான். டயர் சாலையைப் பிடிக்க வேண்டுமென்றால், தாரின் சொரசொரப்புக்குள் ரப்பர் நெளிந்து இறங்க வேண்டும். இறுகிப்போன ரப்பர் நெளியாது. வின்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் சேர்ந்த கலவை இருப்பதால் அது கடுங்குளிரிலும் மெத்தென்றே இருக்கும்.

7 டிகிரி என்பதைக் கோடு கிழித்த எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த சாலையில் 5 டிகிரியில் நல்ல ஆல் சீசன் டயர் ஒழுங்காகவே நிற்கும். அது ஒரு அடையாளக் கல், அவ்வளவுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உங்கள் ஊருக்கான வானிலைப் பதிவுகளில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள். சராசரி வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். நீங்கள் வண்டி எடுக்கும் மணிநேரத்து வெப்பநிலையைப் பாருங்கள். மதியம் 8 டிகிரி இருக்கும் நாளில் காலை ஆறு மணிக்கு பூஜ்யத்துக்குக் கீழே இருந்திருக்கலாம். இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 7 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து எத்தனை மாதங்கள், பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை காலைகள். முதல் எண் மூன்று மாதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு படியுங்கள். இரண்டாவது எண் பத்தைக்கூடத் தொடவில்லை என்றால் உங்கள் பதில் அநேகமாக "வேண்டாம்". ஆனாலும் அடுத்த படியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: தள்ளிப்போட முடியாத பயணம் எது?

என்னைக் கேட்டால் முடிவை நிர்ணயிப்பது இதுதான். பனி கொட்டும் நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிகிறவருக்கும், இரவுப் பணி முடிந்து அதிகாலை நான்கு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கிளம்பும் தாதிக்கும் ஒரே ஊர், ஒரே குளிர். ஆனால் பதில் வேறு. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வருவதற்கு முன்பே நீங்கள் சாலையில் இருப்பீர்களா? உப்பு தூவிய பெருஞ்சாலைக்குப் போய்ச் சேர எத்தனை தெருக்களைத் தாண்ட வேண்டும்? பெருஞ்சாலை பளிச்சென்று இருக்கும், வீட்டு வாசலிலிருந்து அதுவரை உள்ள அரை கிலோமீட்டர்தான் சறுக்குமரமாக இருக்கும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9, மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். அதனால் கடுங்குளிர் நாட்களில் "உப்பு போட்டிருக்கிறார்கள், பயமில்லை" என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் மேடுபள்ளம். சமதரையில் ஓட்டுகிறவர் தப்பிக்கும் இடத்தில், இறக்கத்தில் வீடு உள்ளவர் தப்ப மாட்டார். பாலங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று போவதால், மற்ற சாலை ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும்.

படி 3: குனிந்து உங்கள் டயரைப் படியுங்கள்

புதிய டயர் வாங்குவதற்கு முன் இப்போது இருப்பது என்ன என்று பலர் பார்ப்பதே இல்லை. ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று விஷயம் தேட வேண்டும்.

ஒன்று, குறியீடு. "எம் பிளஸ் எஸ்" என்று இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று அர்த்தம். இந்த எழுத்துகளைப் போட எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. டயரின் வெட்டு அமைப்பு ஒரு வகையில் இருந்தால் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் இது இருக்கும், இதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். நீங்கள் தேட வேண்டியது ஒரு சின்னப் படம்: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அளவுகோலாக வைத்திருக்கும் ஒரு டயரின் பிடிமானத்தை 100 என்று கொண்டால், அமுங்கிய பனியில் குறைந்தது 110 எடுத்த டயருக்குத்தான் அந்த முத்திரை. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்தச் சோதனை பனியில் மட்டும்தான் நடக்கும், ஐஸில் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் வந்த புதிய டயர் லேபிளில் ஐஸ் பிடிமானத்துக்கென்று தனிப் படம் சேர்த்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இரண்டு, பிறந்த தேதி. "டி.ஓ.டி." என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3822 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு எண்ணும் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும், உள்பக்கமாக மாட்டியிருந்தால் வண்டிக்கடியில் தலையை விட வேண்டி வரும். ஆறு வயதைத் தாண்டிய டயரின் டிரெட், அதாவது தரையைத் தொடும் பள்ளமும் கட்டையுமான பகுதி, ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், புதிய வின்டர் டயரில் நகம் லேசாகப் பதியும்.

மூன்று, டிரெட் ஆழம். பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பனிக்கு அது மொட்டை டயர்தான். 4 மி.மீ.க்குக் கீழே போன வின்டர் டயரை வின்டர் டயர் என்று சொல்வதே அரைமனதோடுதான். புதிதாக வாங்கும்போது 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும்.

படி 4: நிற்கும் தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

"என் வண்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது" என்று சொல்கிறவர்களோடு இந்தப் படியில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால் கிளம்புவது எளிது, மேடேறுவது எளிது. நிற்பதற்கு அது எந்த உதவியும் செய்யாது. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, அந்த நான்கும் தரையைத் தொடுவது ஆளுக்கொரு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். சொல்லப்போனால் இந்த வசதி ஆபத்தையும் மறைக்கிறது. கிளம்பும்போது சக்கரம் சுழன்று வழுக்கினால் சாதாரண வண்டிக்காரருக்கு "இன்றைக்குச் சாலை சரியில்லை" என்ற எச்சரிக்கை கிடைத்துவிடும். நமக்கு முதல் எச்சரிக்கையே பிரேக் அடிக்கும்போதுதான் வரும்.

எண்ணில் பார்ப்போம். டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஒரு பிடிமான எண்ணால் சொல்வார்கள்; எண் குறைந்தால் வழுக்கல் அதிகம். காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறக்குறைய 0.8. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடலாம். அமுங்கிய பனியில் ஒரு டயருக்கு 0.3, இன்னொன்றுக்கு 0.2 கிடைக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் வண்டி 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 49 மீட்டர் போகும். வித்தியாசம் 16 மீட்டர், மூன்று நான்கு கார் நீளம்.

இதையே வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். முதல் வண்டி நின்றுவிட்ட அந்த 33-ஆவது மீட்டரில் இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் இருக்கும்? ஏறக்குறைய 29 கி.மீ. தசம எண்ணில் ஒரே ஒரு படி குறைந்ததற்கு விலை இது. ஒருவர் பெருமூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் 29 கி.மீ. வேகத்தில் மோதுகிறார்.

ஐஸில் பிடிமானம் 0.1 என்று வைத்தால் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கக் கிட்டத்தட்ட 98 மீட்டர் ஆகும். எந்த டயரும் ஐஸைத் தார்ச்சாலை ஆக்கிவிடாது. வின்டர் டயர் வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் வாங்காமல் இருப்பதே மேல்.

படி 5: சட்டமும் காப்பீடும்

சில இடங்களில் யோசிக்கவே வேண்டாம், சட்டமே முடிவெடுத்துவிட்டது. கனடாவின் கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகள் உள்ளிட்ட, பலகை வைத்த சாலைகளுக்கு அக்டோபர் 1-லிருந்து விதி தொடங்குகிறது. அங்கே 3.5 மி.மீ. ஆழம் உள்ள எம் பிளஸ் எஸ் டயரும் செல்லும். ஜெர்மனியில் தேதிக் கணக்கு இல்லை: சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் வின்டர் டயர் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் மலை-பனித்துகள் முத்திரை உள்ளது மட்டுமே அங்கே வின்டர் டயராகக் கணக்கில் வரும், எம் பிளஸ் எஸ் மட்டும் போதாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையும், சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரையும், குளிர்காலச் சாலை நிலை இருந்தால் கட்டாயம். பிரிட்டனில் இப்படி ஒரு சட்டமே இல்லை.

வாடகை வண்டி எடுத்து எல்லை தாண்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், சாவி வாங்கும் முன்பே டயரைப் பார்த்துவிடுங்கள். கட்டாயம் இல்லாத இடத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கனடாவின் ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1 முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது நிறுவனங்களுக்கு விதி. கேட்காவிட்டால் அவர்களாக நினைவூட்டுவார்கள் என்று நம்ப வேண்டாம்.

படி 6: எந்த வகை?

"வின்டர் டயர்" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு சாமான்கள் இருக்கின்றன, பக்கத்தில் இன்னொன்றும் உண்டு.

அந்தப் பக்கத்து ஆள் ஆல் வெதர் டயர். ஆல் சீசன் டயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். ஆல் வெதரில் மலை-பனித்துகள் முத்திரை இருக்கும், ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். ஆல் சீசனில் பெரும்பாலும் எம் பிளஸ் எஸ் மட்டும்தான். குளிர்காலம் மிதமாக இருந்து, ஆண்டுக்குச் சில முறையே பனி விழும் இடங்களுக்கு ஆல் வெதர் நல்ல சமரசம். ஐஸில் அது அசல் வின்டர் டயருக்கு ஈடாகாது, கோடையில் அசல் சம்மர் டயருக்கும் ஈடாகாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, டயர் மாற்றும் வேலையை மிச்சம் பிடிக்கிறது.

அடுத்தது மத்திய ஐரோப்பிய வகை வின்டர் டயர். மழை, பனிச்சேறு, நன்றாகச் சுத்தம் செய்த பெருஞ்சாலை, நடுவே எப்போதாவது பனி என்ற வாழ்க்கைக்கானது. வேகத்தில் ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கும். இதற்கு நேர்மாறு, வட ஐரோப்பியக் குளிருக்கான நார்டிக் வகை: இன்னும் மென்மையான ரப்பர், இன்னும் அதிக வெட்டுகள். வாரக்கணக்கில் உறைந்து கிடக்கும் சாலைக்கு ஏற்றது. காய்ந்த சாலையில் கொஞ்சம் நெளிவதுபோலத் தோன்றும், 10 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் வேகமாகத் தேயும். கடையில் "வின்டர் டயர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஆணி டயர். டிரெட்டில் சின்னச் சின்ன உலோக ஆணிகள் பதித்திருக்கும். ஈரம் பூத்த ஐஸில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இரைச்சல் காதைத் துளைக்கும், காய்ந்த சாலையைச் சுரண்டித் தூசியாக்கும். ஜப்பானில் 1980-களில் இந்தத் தூசி பெரிய பிரச்சினையாகி, 1990-இல் ஆணி டயர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. ஆணி இல்லாமல் ஐஸைப் பிடிக்கும் டயர்கள் அங்கே வளர்ந்ததன் பின்னணி அதுதான். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் 1988-இல் வந்தது. அதன் ரப்பருக்குள் இருக்கும் நுண்துளைகள் ஐஸின் மேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்சி எடுக்கும். ஜெர்மனியிலும் ஆணி டயருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. உங்கள் இடத்தில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டே இதைப் பற்றி யோசியுங்கள்.

இந்தத் துறையின் மூத்த ஆள் பின்லாந்து. நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம் 1934-இல் லாரிகளுக்கென்று வின்டர் டயர் செய்தது, 1936-இல் கார்களுக்கான ஹக்கபெலீட்டா வந்தது. அந்தப் பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

படி 7: செலவை நேர்மையாகக் கூட்டுங்கள்

"இரண்டு செட் டயர் வாங்கினால் இரட்டிப்புச் செலவு" என்பது பாதி உண்மை. வின்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் தேயாமல் ஓய்வெடுக்கிறது. ஒரு செட் 60,000 கி.மீ. ஓடும், நீங்கள் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்றால் நான்கு ஆண்டில் எப்படியும் புது டயர் வாங்கத்தான் வேண்டும். இரண்டு செட் மாறி மாறி ஓடினால் இரண்டும் சேர்ந்து எட்டு ஆண்டு வரும். ஆக ரப்பருக்குப் போகும் பணம் ஏறக்குறைய அதேதான். கூடுதல் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டாவது செட் ரிம், ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் கூலி, வைக்க இடம், அரை நாள் லீவு.

இந்த வாதத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது, டயர் விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஆறேழு குளிர்காலம் ஆனதும், ஆழமான டிரெட்டோடு இறுகிப்போன ரப்பரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அவருக்கு இரண்டாவது செட் உண்மையிலேயே கூடுதல் செலவு. குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு ஆல் வெதர் டயரை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

பழைய வின்டர் டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், படி 3-இல் சொன்ன தேதியையும் ஆழத்தையும் பார்க்காமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். ஐந்து வயதான வின்டர் டயரை விட, புதிய ஆல் வெதர் டயருக்குத்தான் என் ஓட்டு.

படி 8: முடிவு

இதுவரை குறித்ததை எடுத்து வையுங்கள். 7 டிகிரிக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல், பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மாதத்துக்கு மேல், தள்ளிப்போட முடியாத காலைப் பயணம்: மூன்றும் இருந்தால் வின்டர் டயர் வாங்குங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. இறக்கத்தில் வீடு, ஊருக்கு வெளியே சாலை, மலைப்பாதை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் முதல் இரண்டு எண்கள் கொஞ்சம் குறைந்தாலும் அதே பதில்தான்.

குளிர் நீளமானது, பனி அபூர்வம், சாலைகளைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடுவார்கள் என்றால் ஆல் வெதர். உறைந்த காலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அந்த நாட்களில் பஸ்ஸோ ரயிலோ இருக்கிறது, அல்லது வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால் எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இருக்கிற டயரைத் தேய்வதற்கு முன்பே மாற்றுங்கள். இதைச் சொன்னதற்காகச் சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஆனால் "அந்த நாட்களில் ஓட்ட மாட்டேன்" என்று சொல்பவர் உண்மையிலேயே ஓட்டாமல் இருப்பாரா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அப்படிச் சொல்லிவிட்டு ஓட்டியவன்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வண்டி கனமானது, மோட்டாரின் திருகுவிசை தொட்டவுடன் முழுதாக வரும், காலை எடுத்தால் மோட்டாரே பிரேக் பிடிக்கும். வழுக்கும் சாலையில் இந்தக் கடைசி விஷயம்கூடச் சக்கரத்தைச் சறுக்க வைக்கலாம். பிடிமானம் குறைந்த டயரோடு இவை ஒத்துப்போகா.

படி 9: வாங்குவது என்றால்

நான்காக வாங்குங்கள். "முன்னால் மட்டும் இரண்டு போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பிடிக்காது. வளைவிலோ இறக்கத்திலோ பிரேக் அடித்தால் வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

அளவைப் பொறுத்தவரை ஓட்டுநர் கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் வண்டிக் கையேட்டையும் பாருங்கள். கையேடு அனுமதித்தால் ஒரு அங்குலம் சிறிய ரிம்மும், கொஞ்சம் குறுகிய டயரும் நல்லது. குறுகிய டயர் புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும், பெரும்பாலும் மலிவும்கூட. ஆனால் சிறிய ரிம் பிரேக் பாகத்தில் உரசாமல் பொருந்துமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமைக் குறியீடு ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறையவே கூடாது.

தனி ரிம் செட் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால் கூலி அதிகம், டயரின் விளிம்பும் நோகும். சாதாரண இரும்பு ரிம் போதும். உப்பில் துருப்பிடிக்கிற வேலையை அது ஏற்றுக்கொள்ளட்டும், அலாய் ரிம் வீட்டில் தூங்கட்டும். காற்றழுத்த சென்சார் உள்ள வண்டியென்றால் புது ரிம்மிலும் சென்சார் போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுக்கக் கண்ணடிக்கும். சென்சார் கட்டாயமான இடங்களும் உண்டு.

மாட்டும் நேரம்: காலை வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே நிலைக்கத் தொடங்கும்போது. முதல் பனி விழுந்த மறுநாள் டயர்க் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு சீக்கிரம் போவார்கள். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி இருக்கிறதா என்று நீங்களே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரு முறை ஒரு சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து வண்டி கழுவும்போதுதான் தெரிந்தது.

காற்று: வெப்பநிலை ஏறக்குறைய 5.5 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 25 டிகிரியில் 33 அடித்திருந்தால் மைனஸ் 10-இல் சுமார் 27தான் இருக்கும். மாதம் ஒரு முறை, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். "பனிக்குக் கொஞ்சம் காற்றைக் குறைத்து வைத்தால் நல்லது" என்ற பழைய யோசனையைச் சாதாரணச் சாலைக்குப் பின்பற்ற வேண்டாம்.

புது டயரை முதல் சில நூறு கிலோமீட்டர் பூப்போல ஓட்டுங்கள், அதன் மேற்பரப்பில் இருக்கும் வழவழப்பு போக வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபிறகு வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பனி விழுந்த முதல் வாரத்தில், ஆளில்லாத ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்துக்குப் போய் 20, 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பெடல் எந்த இடத்தில் அதிர்கிறது, வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதைக் கால் தெரிந்துகொள்ளட்டும்.

வசந்தம் வந்து காலைகள் 7 டிகிரிக்கு மேல் நின்றதும் கழற்றிவிடுங்கள். சூடான தாரில் அந்த மென்மையான ரப்பர் வீணாகத் தேயும், நிற்கும் தூரமும் கூடும். கழற்றும்போது சாக்பீஸால் "இடது முன்", "வலது பின்" என்று டயர்மேல் எழுதி வையுங்கள், கழுவிக் காய வைத்து வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிற்க வைத்து மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உருட்டி விடுங்கள். மோட்டார் ஓடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் ஓசோன் வாயுவால் ரப்பரில் வெடிப்பு விழும். அடுக்கி வைப்பதற்கு முன் டிரெட் ஆழத்தை அளந்து எங்காவது குறித்துக்கொண்டால், அடுத்த இலையுதிர்காலத்தில் கடைக்குப் போக வேண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும்.